லாரியாக மாறும் ரோபோ பொம்மை தேறுமா, தேறாதா?

கேள்வி: ஏழு வயதுப் பையனுக்கு லாரியாக மாறும் ரோபோ பொம்மை ஒன்று வாங்கப்போகிறேன். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எது நல்லது, எது வெறும் பகட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பெட்டியின் மேல் இருக்கும் இரண்டு படங்களையும் மறந்துவிடுங்கள். ரோபோவாக நிற்பது ஒன்று, லாரியாக ஓடுவது ஒன்று. இந்த இரண்டு நிலையையும் படத்தில் அழகாகக் காட்டுவது பெரிய காரியமில்லை. பொம்மையின் தரம் தெரிவது நடுவில், பாதி பிரிந்து கையில் கிடக்கும்போது. அந்த நேரத்தில் ஒவ்வொரு துண்டும் எங்கே போக வேண்டும் என்று கைக்கே தெரிந்தால் அது நல்ல பொம்மை. எதை அழுத்தினால் எது உடையுமோ என்று பயந்து பயந்து திருப்ப வேண்டியிருந்தால், விலை எவ்வளவு இருந்தாலும் அது அலமாரிக்குத்தான் போகும்.

கார், விமானம் ஆகியவற்றைவிட லாரி ரோபோவாக மாறுவதற்கு வசதியான உருவம். பெட்டி போன்ற கேபின் அப்படியே மார்பாகிவிடும், முன் கண்ணாடி நெஞ்சு, கிரில் வயிறு, பின்பக்கச் சட்டம் கால்கள். ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாக்ளோன் என்ற பொம்மை வரிசையில் 1983-இல் விட்ட லாரி ரோபோவை, 1984-இல் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ தன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரில் விற்றது. அதன் அமைப்பு இன்றைக்கும் எனக்கு ஓர் அளவுகோல். தலை கேபினுக்குள்ளிருந்து எழும். கைகள் பக்கவாட்டில் வெளியே வரும். முன் சக்கரங்கள் இடுப்பருகே தங்கும், பின் சக்கரங்கள் காலோடு போகும். லாரியில் வெளியே தெரிந்த எதுவும் ரோபோவில் வீணாகத் தொங்காது. குறை என்று சொன்னால் கை முஷ்டிகள். அவற்றைத் தனியாகக் கழற்றி மாட்ட வேண்டும், அதனால் சுலபமாகத் தொலைந்துபோகும். மூட்டுகளும் இன்றைய பொம்மை அளவுக்கு அசையாது. ஆனால் வடிவமைத்தவர் ஏமாற்றவில்லை.

ஏமாற்றுவது என்றால் இரண்டு வகை. ரோபோவின் மார்பில் தெரியும் கண்ணாடி லாரியின் உண்மையான கண்ணாடியாக இல்லாமல், உள்ளே மறைத்துவைத்த இன்னொரு போலி மார்பாக இருப்பது ஒன்று. இன்னொன்று, ரோபோவுக்குப் பின்னால் லாரியின் பாதியை மூட்டையாகக் கட்டிவிடுவது. போலி மார்பை நான் ஓரளவு மன்னித்துவிடுவேன், கையும் காலும் நன்றாக அசைய இடம் வேண்டும் என்று சில சமயம் அப்படிச் செய்கிறார்கள். முதுகு மூட்டையை மன்னிக்க மாட்டேன். பின்பக்கம் கனமானால் ரோபோ மல்லாக்க விழும். அதனால் இணையத்தில் வாங்குவதாக இருந்தால் ரோபோவின் பின்புறப் படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும் தேடிப் பாருங்கள். விற்பவர் அவற்றைப் போடவே இல்லையென்றால் காரணம் இருக்கும்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் மூட்டுகளுக்கு நேரம் கொடுங்கள். 'கிளிக் கிளிக்' என்று படிப்படியாகத் திரும்பும் ராட்செட் மூட்டு எடையைத் தாங்கும், தோளுக்கும் இடுப்புக்கும் அதுதான் நல்லது. ஆனால் அந்தப் படிகள் அகலமாக இருந்தால் வேறு தொல்லை. கால் ஒரு படியில் முன்னால் சாயும், அடுத்த படியில் பின்னால் சாயும், நேராக நிற்கும் கோணம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். பந்துமூட்டு எல்லாப் பக்கமும் வளையும், ஆனால் காலப்போக்கில் தளரும். தளர்ந்தால் பந்தின் மேல் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிய பூச்சாக அடித்து, முழுக்கக் காய்ந்தபின் மாட்டினால் மறுபடி இறுகும். திருகாணி போட்ட மூட்டு என்றால் முடுக்கிக்கொள்ளலாம். ஊசி அடித்த மூட்டில் அந்த வசதி இல்லை. ஒரு பகுதி இறுகிக் கிடந்தால் வலுவைக் காட்டாதீர்கள், சமையல் எண்ணெயோ இயந்திர எண்ணெயோ விடவும் வேண்டாம். சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கையே பலவீனமாக்கிவிடும். சிலிக்கோன் மசகு கொஞ்சம் போதும்.

பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு, கேபின் ஜன்னல். கண்ணாடி தெரிய வேண்டும் என்பதற்காகக் கேபினின் பக்கச் சுவர் முழுவதையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வார்த்து, கண்ணாடி தவிர மற்ற இடத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்த வகைப் பிளாஸ்டிக் பொம்மைகளில் வழக்கமாக வரும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கைப் போல வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். அதிலேயே கீலும் ஊசியும் இருந்தால், சில மாதம் திருப்பித் திருப்பி விளையாடியபின் ஊசியைச் சுற்றி முடிபோலக் கோடு ஓடும். ஓரங்களில் வண்ணம் உரிந்தால் கீழே கண்ணாடி போல் தெரியும். கீல் இருக்கும் துண்டும் ஜன்னல் துண்டும் தனித்தனியாக இருந்தால் அந்தப் பொம்மைக்கு நான் உடனே கூடுதல் மதிப்பெண் போடுவேன். அதேபோல, நிறமுள்ள பிளாஸ்டிக்கில் மடிப்பை ஒட்டி வெண்மையாக ஒரு தழும்பு தெரிந்தால் அங்கே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

லாரியாக மாற்றியபின் சமமான மேசையில் வைத்து ஒரு தள்ளு தள்ளுங்கள். சக்கரங்கள் எல்லாம் தரையைத் தொட வேண்டும், அடிவயிறு உரசக் கூடாது. பின்பகுதி இரண்டு கால்களும் ஒட்டி உருவானது என்பதால், அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் முளை தளர்ந்திருந்தால் லாரி நடுவில் பிளந்துகொள்ளும். தூக்கும்போதெல்லாம் பிளக்கிற லாரியை ஒரு குழந்தை இரண்டு நாளுக்கு மேல் தொடாது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாயை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் மென்மையான பிளாஸ்டிக்காக இருப்பது குறையல்ல, குத்தாமலும் ஒடியாமலும் இருக்க அப்படிச் செய்வதுண்டு. வண்ணம், ஸ்டிக்கர், துப்பாக்கி, கோடாரி இவற்றையெல்லாம் கடைசியில் பாருங்கள். ஆயுதங்களை லாரியிலேயே எங்காவது செருகி வைக்க இடம் இருந்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

டிரெய்லர் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில் ஆப்டிமஸ் ரோபோவாக மாறியதும் டிரெய்லர் எங்கோ மாயமாகிவிடும். பொம்மையில் அது எங்கும் போகாது, பக்கத்தில் கிடக்கும். 1984 பொம்மையில் அதைத் திறந்தால் ரோபோக்களின் போர்த் தளமாக மாறும், அதனால் அதற்கும் ஒரு வேலை இருந்தது. வெறும் பெட்டியாக வரும் டிரெய்லருக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

2007-இன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் வந்த மூக்கு நீண்ட லாரியின் பொம்மைகள் பலருக்குப் பிடிக்கும். அந்த ரோபோவின் உடலில் எண்ணற்ற தகடுகள். அதை அப்படியே கொண்டுவர முயலும் பொம்மைகளில் சின்னச் சின்னக் கதவுகளும் பலகைகளும் அதிகம். திரைப்பட உருவத்தோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும், ஆனால் லாரியாக மூடும்போது கடைசிப் பலகை ஒன்று மட்டும் உட்காராமல் அடம்பிடிக்கும், அதை அழுத்தினால் இன்னொன்று கிளம்பும். பெரியவர்களுக்கு அது ஒரு புதிர் விளையாட்டு. டகாரா 2003-இல் தொடங்கிய மாஸ்டர்பீஸ் என்ற பொம்மை வரிசையும் பெரியவர்களை மனதில் வைத்ததுதான். ரோபோசென் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் குரல் கேட்டுத் தானாகவே மாறும், உள்ளே மோட்டார்கள் வேலை செய்கின்றன. பார்த்தால் வாய் பிளக்கத்தான் வேண்டும். ஆனாலும் மாற்றும் வேலையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட ஒன்றை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை.

பெட்டியில் வயதும், பல பொம்மைகளில் மாற்றத்துக்கு எத்தனை படி என்பதும் அச்சிட்டிருக்கும். வயதுக் குறிப்பை விளம்பரம் என்று ஒதுக்காதீர்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கான பொம்மையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கும் துண்டு இருக்கக் கூடாது என்பது பல நாடுகளில் பாதுகாப்பு விதி. வீட்டில் தம்பியோ தங்கையோ தவழ்ந்துகொண்டிருந்தால், அண்ணனின் பொம்மையிலிருந்து கழன்று விழும் துப்பாக்கியும் முஷ்டியும்தான் ஆபத்து. விளக்கு எரியும், சத்தம் போடும் பொம்மை என்றால் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் பையனுக்கு என்று கேட்டால், ஹாஸ்ப்ரோ 'வாயேஜர்' என்று சொல்லும் ஏறத்தாழ ஏழு அங்குல அளவு கைக்குச் சரியாக இருக்கும். அந்த அளவில் எட்டு வயதும் அதற்கு மேலும் என்று போட்டிருப்பவைதான் அதிகம். பொறுமையான பையன் என்றால் முதல் சில தடவை பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து மாற்றுங்கள், பிறகு அவனே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். பொறுமை இல்லாதவன் என்றால் ஒரே அசைவில் மாறும் 'ஒன் ஸ்டெப் சேஞ்சர்' வகை மேல். மூட்டுகள் அதிகம் அசையாது, பெரியவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், ஆனால் அவன் ஒரு நாளைக்கு நூறு தடவை மாற்றினாலும் தாங்கும்.