மேல்வீட்டுக் கசிவுக்கு யார் பொறுப்பு? ஸ்ட்ராட்டா கேள்வி பதில்

கொண்டோ, அபார்ட்மெண்ட், அடுக்குமாடி என்று எப்படி அழைத்தாலும், வீட்டுக்குத் தனி கிராண்ட் (உரிமைப் பத்திரம்) இருந்து, லிப்ட், கூரை, படிக்கட்டெல்லாம் கூட்டுச் சொத்து என்றால் அது ஸ்ட்ராட்டா. கீழுள்ள பதில்கள் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்படி (சட்டம் 757) எழுதப்பட்டவை.

எங்கள் குளியலறை மேற்கூரையில் மாதக்கணக்கில் நீர் சொட்டுகிறது. மேல்வீட்டுக்காரர், "என் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார். எம்சியோ (வீட்டு உரிமையாளர்களின் நிர்வாகக் கழகம்), "நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறது. என்ன செய்வது? (வாசகி, கிள்ளான்)

எம்சி அப்படி ஒதுங்கிக்கொள்ள முடியாது. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில், மாடிகளுக்கு இடையிலான கசிவுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் நேரில் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 5 நாளுக்குள் படிவம் 28 என்ற சான்றிதழைத் தர வேண்டும். கசிவுக்குக் காரணம் என்ன, யார் பொறுப்பு என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, மேற்கூரையில் ஈரம் என்றால் அது மேல்வீட்டிலிருந்து வருவதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பொறுப்பு மேல்வீட்டின் மேல் விழுந்தால், சான்றிதழ் கிடைத்த 7 நாளுக்குள் அவர் பழுதுபார்க்க வேண்டும். செய்யாவிட்டால் நிர்வாகமே செய்து, செலவை அவரிடம் வசூலிக்கும். சோதனைக்குக் கதவைத் திறக்க மறுப்பதும் குற்றம்.

அதனால் முதல் வேலை, புகாரைக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கொடுப்பது. பாதுகாவலரிடம் சொன்னது, வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம் இவையெல்லாம் கெடுவைத் தொடங்கி வைக்குமா என்று பின்னால் வாதாட நேரும். தேதியிட்ட கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிவிட்டால் அந்த வாதமே எழாது.

எப்போது சொட்டுகிறது என்பதையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும். இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டினால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். மேல்வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் மீட்டர் ஓடினால் அந்தச் சந்தேகம் உறுதி. யாராவது குளித்த பிறகு மட்டும் சொட்டினால், தரை வடிகாலின் விளிம்போ ஓடுகளுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சோ கெட்டிருக்கும். மழையில் மட்டும் என்றால் வெளிச்சுவரைப் பாருங்கள். அது பெரும்பாலும் கூட்டுச் சொத்து, செலவு எம்சியுடையது.

பூச்சைச் சோதிக்க, மேல்வீட்டுக் குளியலறையின் வடிகாலை அடைத்து, 25 முதல் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சாயம் கலந்த நீரை 24 மணி நேரம் தேக்கி வைப்பார்கள். கீழே அந்த நிறம் இறங்கினால் பேச்சு முடிந்தது. வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய ஓடுகளை உடைத்தவர்கள் பூச்சையும் கிழித்துவிட்டு, புதிதாகப் பூசாமலே ஓடு பதித்துவிடுவதால்தான் இந்தக் கசிவு அடிக்கடி வருகிறது. கீழிருந்து உங்கள் கூரையைப் பூசி மறைப்பதில் பயனே இல்லை. நீர் வேறு இடத்தில் வழி தேடும்.

இன்னொன்று. உங்கள் கூரைக்குள் ஓடும் குழாய் மேல்வீட்டுக்கு மட்டுமே பயன்பட்டால், அது உங்கள் பக்கம் இருந்தாலும் அவர் பொறுப்பு. பல வீடுகளுக்குப் பொதுவான குழாய் என்றால் எம்சி பொறுப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் அசையாவிட்டால் சிஓபி எனப்படும் கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். அல்லது ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே 250,000 ரிங்கிட் வரை கோரலாம். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசுவீர்கள். படிவம் 28 கையில் இருந்தால் வழக்கில் பாதி வென்ற மாதிரி.

தரைத்தளத்தில் இருக்கிறோம், லிப்ட் பக்கமே போவதில்லை. எங்களுக்கும் ஏன் முழுக் கட்டணம்? (வாசகர், பூச்சோங்)

பராமரிப்புக் கட்டணம் பயன்பாட்டுக் கட்டணம் அல்ல, உரிமைப் பங்குக்கான கட்டணம். ஒவ்வொரு வீட்டுக்கும் பரப்பளவை வைத்துப் பங்கு அலகு ஒதுக்கப்பட்டிருக்கிறது. லிப்டிலும் அந்தப் பங்கு உங்களுக்கு உண்டு. 100 அலகு உள்ள வீடு, அலகுக்கு 2.50 ரிங்கிட் என்றால் கட்டணம் 250 ரிங்கிட். சிங்கிங் ஃபண்டு, அதாவது பெருஞ்செலவுகளுக்கான சேமிப்பு நிதி, 10 விழுக்காடு என்றால் இன்னும் 25. மாதம் 275. உங்கள் பில் இந்தக் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள்.

சிங்கிங் ஃபண்டு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். மறுவண்ணம் பூச, பழைய லிப்டை, பம்பை மாற்ற என்று பெருஞ்செலவுகளுக்குத்தான் அது. பாதுகாவலர் சம்பளத்துக்கு அதிலிருந்து எடுத்தால், லிப்ட் பழுதாகும் நாளில் எல்லாரும் மொத்தமாகக் கட்ட நேரும். ஆண்டுக்கூட்டத்தில் தணிக்கை அறிக்கையைப் புரட்டும்போது முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான்.

குப்பை அள்ளுவதில்லை என்பதால் சில மாதங்களாகக் கட்டணம் கட்டவில்லை. நுழைவு அட்டையை முடக்கிவிட்டார்கள். தண்ணீரையும் வெட்டுவோம் என்கிறார்கள். முடியுமா? (வாசகர், ஈப்போ)

அட்டையை முடக்கலாம், துணைவிதி அனுமதிக்கிறது. திரும்ப இயக்க 50 ரிங்கிட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. நிலுவைக்கு வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கடன்பட்டவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் அனுமதி உண்டு. தண்ணீரை வெட்டும் அதிகாரத்தை இந்தச் சட்டம் தரவில்லை.

ஆனால் சேவை மோசம் என்று கட்டணத்தை நிறுத்துவது உங்களுக்கே கேடு. கூட்டத்துக்கு முந்தைய 7ஆம் நாளில் நிலுவை இருந்தால் உங்களுக்கு ஓட்டு இல்லை. குப்பை ஒப்பந்தக்காரரை மாற்றக்கூடிய ஒரே இடத்தில் கை தூக்க முடியாமல் போய்விடும். கட்டிவிட்டு, எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்.

ஆண்டுக்கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை. ஒரே குழு, வராதவர்களுக்குப் பதிலாக ஓட்டளிக்கும் பதிலாள் (proxy) படிவங்களை அள்ளிக்கொண்டு வந்து ஜெயிக்கிறது. (வாசகி, ஜொகூர் பாரு)

ஒருவர் ஒரு கூட்டத்தில் ஒரே ஓர் உரிமையாளருக்குத்தான் பதிலாளாக இருக்கலாம். படிவம் 48 மணி நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பதிவு மேசையிலேயே இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓட்டு முடிந்தபின் கிளப்பினால் சிக்கல்தான்.

ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப்பேர் வர வேண்டும் என்பது விதி. ஆனால் அரைமணி நேரம் கடந்தும் சேராவிட்டால் வந்தவர்களே போதும். பத்துப் பேர் முடிவெடுக்கும் வழி இதுதான். கைதூக்கலில் சந்தேகம் இருந்தால் வாக்கெடுப்பு கேளுங்கள். அப்போது தலையை எண்ணுவதில்லை, பங்கு அலகை எண்ணுவார்கள்.

பால்கனிக்கு கிரில் போட அனுமதி வேண்டுமா? (வாசகர், சுங்கைப் பட்டாணி)

வேண்டும். பால்கனி உங்களுடையது என்றாலும் கட்டடத்தின் வெளித்தோற்றம் மாறுகிறது. நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வந்தபிறகே முன்பணம் கொடுங்கள். அனுமதித்த வடிவமும் நிறமும் உண்டா என்றும் கேட்டு, அதைக் கிரில் கடைக்காரரிடம் படத்தோடு காட்டுங்கள்.