எண்ணெயை அடியோடு நிறுத்தினால் புற்றுநோய் வராதா?

கேள்வி: எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. பெரியம்மாவுக்கு 61 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. கொழுப்பு சாப்பிடுவதால்தான் பெண்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, எட்டு மாதமாக எண்ணெய், வெண்ணெய் எதையும் தொடுவதில்லை. பால்கூட ஆடை நீக்கியதுதான். பசித்தால் ரொட்டி, பிஸ்கட், பழச்சாறு. ஆனாலும் எடை நான்கு கிலோ கூடிவிட்டது, தோல் வறண்டுவிட்டது. மகள் திட்டுகிறாள். நான் செய்வது சரிதானா, டாக்டர்? இன்னொன்று, இரண்டு முறை உள்ளாடையில் லேசாக ரத்தக்கறை தெரிந்தது. அலைச்சலால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். எண்ணெயைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, ரத்தக்கறையை ‘இன்னொன்று’ என்று ஓரமாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் அதைப் பரிசோதித்தே ஆக வேண்டும். இப்படி வருகிற பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. பிறப்புறுப்பின் சுவர் மெலிந்து வறண்டிருக்கலாம், கருப்பைக்குள் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ந்திருக்கலாம். ஆனால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வந்த பெண்களைக் கேட்டால், அவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தக்கசிவு இருந்திருக்கும். அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். இந்த வாரமே பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் செய்து உட்சுவரின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, கசிவு மறுபடி வந்தாலோ, அங்கிருந்து சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஒருவேளை புற்றுநோயாகவே இருந்தாலும், ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள்.

சரி, இனி எண்ணெய்க்கு வருவோம்.

நீங்கள் கேள்விப்பட்டது வெறும் வதந்தி இல்லை. மருத்துவ உலகமே பல காலம் அப்படித்தான் நம்பியது. 1940-களிலேயே, கொழுப்பு அதிகமான தீனி கொடுத்த எலிகளுக்கு மார்பகக் கட்டிகள் கூடுதலாக வருவதைப் பார்த்தார்கள். 1970-களில் நாடுகளை ஒப்பிட்டார்கள். கொழுப்பு அதிகம் சாப்பிடும் நாடுகளில் மார்பகப் புற்றுநோய் மரணமும் அதிகமாக இருந்தது. ஆனால் அந்த நாடுகளில் பெண்கள் சிறு வயதிலேயே பூப்படைந்தார்கள், குறைவான குழந்தைகளைத் தாமதமாகப் பெற்றார்கள், உடல் எடையும் கூடுதல், மதுவும் கூடுதல். இவை எல்லாமே மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ளவை. இத்தனையில் கொழுப்பை மட்டும் குற்றவாளி என்று பிரித்தெடுக்க முடியாது.

அப்புறம்தான் தனித்தனிப் பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் செவிலியர்களை வைத்து நடந்த ஆய்வில், ஏறத்தாழ 89,000 பெண்களின் உணவுப் பழக்கத்தை 14 ஆண்டுகள் கவனித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். தங்கள் உணவின் மொத்த சக்தியில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே கொழுப்பிலிருந்து பெற்றவர்கள், அதாவது கிட்டத்தட்ட உங்களைப் போல் சாப்பிட்டவர்கள், மற்றவர்களை விடக் குறைவாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகவில்லை.

அதற்கு முன்பே, 1993-இல், இன்னும் பெரிய சோதனை ஒன்று அங்கே தொடங்கியிருந்தது. மாதவிடாய் நின்ற, 50 முதல் 79 வயதுக்குட்பட்ட 48,835 பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கொழுப்பைக் குறைத்து, காய்கறி, பழம், தானியங்களைக் கூட்டச் சொன்னார்கள். முதல் வருடத்தில் மட்டும் 18 முறை கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். உணவுச் சக்தியில் 20 சதவீதம் மட்டுமே கொழுப்பிலிருந்து வர வேண்டும் என்பது குறி. அத்தனை உதவி இருந்தும் அவர்களால் 24 வரைதான் இறங்க முடிந்தது, ஆறாவது வருடத்தில் மறுபடி 29-க்கு ஏறிவிட்டார்கள். எட்டு வருட முடிவில் மார்பகப் புற்றுநோய் 9 சதவீதம் குறைந்திருந்தது. அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவுதான். பெருங்குடல் புற்றுநோயில் மாற்றமே இல்லை. சினைப்பைப் புற்றுநோய் மட்டும் நான்கு வருடங்களுக்குப் பிறகு குறையத் தொடங்கியது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து அதே பெண்களைத் திரும்பிப் பார்த்தபோது, கொழுப்பைக் குறைத்தவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 21 சதவீதம் குறைவு. இந்த எண் எனக்கும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்கள் காய்கறியும் பழமும் கூட்டினார்கள், கொஞ்சம் எடையும் குறைந்தார்கள். ஆக, அந்தப் பலனை எண்ணெய்ப் பாட்டிலை மூடிவைத்ததன் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கேட்டால், உங்கள் வயதில் தட்டில் இருக்கும் கொழுப்பை விட உடம்பில் சேரும் கொழுப்பைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன். மாதவிடாய் நின்றதும் சினைப்பை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆனால் உடம்பின் கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் ஹார்மோன்களை இந்த நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்புத் திசு எவ்வளவு கூடுகிறதோ, ஈஸ்ட்ரோஜனும் அவ்வளவு கூடும். அதோடு ரத்தத்தில் இன்சுலின் ஏறுகிறது. மார்பகத்தின் செல்களுக்கும் கருப்பை உட்சுவரின் செல்களுக்கும் இவை இரண்டுமே ‘வளர், வளர்’ என்று சொல்லும் கட்டளைகள்தான். மாதவிடாய் இருந்த காலத்தில் கருப்பையை மாதாமாதம் அடக்கிவைக்க புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அதனால்தான் உடல் பருமனால் மிக அதிகமாகக் கூடும் புற்றுநோய் கருப்பை உட்சுவரில் வருவது. உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40-ஐத் தாண்டிய பெண்களுக்கு அந்த ஆபத்து, சரியான எடையுள்ளவர்களை விட ஏழு மடங்கு.

உங்கள் நான்கு கிலோவையும் ரத்தக்கறையையும் நான் சேர்த்துப் பார்ப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். 2016-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடல் பருமனோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் 13 என்று அறிவித்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை உட்சுவர், சினைப்பை, பெருங்குடல், பித்தப்பை எல்லாம் அதில் அடங்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1993-இல் தொடங்கிய அதே அமெரிக்க ஆய்வுத் திட்டத்தில் இருந்த பெண்களில், உடல் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் 29 சதவீதமும் மார்பகப் புற்றுநோய் 12 சதவீதமும் குறைவாக வந்திருந்தது. 70 கிலோ உள்ள ஒருவருக்கு 5 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோ. எட்டு மாதம் எண்ணெய் இல்லாமல் இருக்க முடிந்த உங்களுக்கு இது முடியாத காரியமே இல்லை.

எண்ணெயை விட்டும் எடை ஏன் ஏறியது? கொழுப்பு இல்லாத சாப்பாடு வயிற்றில் நிற்காது, சீக்கிரம் பசிக்கும். பசித்தபோது ரொட்டி, பிஸ்கட், பழச்சாறு. பழச்சாற்றில் நார் போய்ச் சர்க்கரைதான் மிச்சம். பிஸ்கட்டின் உறையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பல வகைகளில் 100 கிராமுக்கு 15 முதல் 25 கிராம் வரை கொழுப்பு இருக்கும், அதுவும் பெரும்பாலும் செறிவுற்ற கொழுப்பு. நல்ல எண்ணெயை வாசலில் நிறுத்திவிட்டு, மட்டமான கொழுப்பை உள்ளே விட்டிருக்கிறீர்கள். தோல் வறட்சியும் இதனால் இருக்கலாம். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத சில கொழுப்பு அமிலங்கள் உணவிலிருந்துதான் வர வேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

ஆகவே எண்ணெயைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஆனால் அளந்து. மொத்தக் கொழுப்பு உணவுச் சக்தியில் 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 1,800 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 60 கிராம். பால், முட்டை, மீன், கொட்டைகளில் இருக்கும் கொழுப்பும் இதற்குள்தான். ஆகையால் சமையலுக்கு நாளொன்றுக்கு நான்கு தேக்கரண்டி எண்ணெய் போதும். ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 40 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். செறிவுற்ற கொழுப்பு குறைந்த தாவர எண்ணெய் எதுவானாலும் சரி. வெண்ணெய் எப்போதாவது. வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அது இதயத்துக்கு எதிரி, மார்பகப் புற்றுநோயை விட இதய நோயால் இறக்கும் பெண்கள்தான் உலகில் அதிகம். எண்ணெயைப் புகையும் அளவுக்குக் காய்ச்சுவதையும் தவிருங்கள். அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்திருக்கிறது. சமையலறை ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மதுப் பழக்கம் இருந்தால் சொல்லிவிடுகிறேன், மார்பகப் புற்றுநோய்க்கு எண்ணெயை விட அது பல மடங்கு நிச்சயமான காரணம், கொஞ்சமாகக் குடித்தாலும்கூட.

பெரியம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய், உடன்பிறந்தவள், மகளுக்கு வந்திருந்தால் கூடும் அளவுக்கு, பெரியம்மாவுக்கு வந்ததால் உங்கள் ஆபத்து கூடாது. அவருக்கு வந்தது 61 வயதில் என்பதும் ஓரளவு ஆறுதல். ஆனால் குடும்பத்தில் வேறு யாருக்காவது 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலாவது சினைப்பைப் புற்றுநோயோ வந்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். இருந்தால் மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். இதுவரை மாமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே எடுத்ததில்லை என்றால், போகும்போதே அதையும் கேளுங்கள். 50 முதல் 69 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பதால் பலன் உண்டு.

மருத்துவரிடம் போவதற்கு முன், ரத்தக்கறை தெரிந்த நாட்கள், கடைசியாக மாதவிடாய் வந்த மாதம், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை நோய் இருக்கிறதா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.