ப்ரொப்போர்ஷன் டெஸ்ட்: எல்லாரும் குழம்புற இடங்கள், கேள்வி பதிலா

ஒரு விகிதம் இவ்ளோதான்னு ஒருத்தர் சொல்றத (அதுதான் நல் ஹைபோதிசிஸ், சுருக்கமா நல்) சாம்பிள் வச்சு சோதிக்கறதுதான் ப்ரொப்போர்ஷன் டெஸ்ட். ஃபார்முலா எல்லா புக்லயும் இருக்கு, அத திருப்பி எழுதப் போறதில்ல. கேட்டதுல எங்க நெறைய பேர் தடுக்கி விழறாங்களோ அத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, நல் ஹைபோதிசிஸ் 0.10, சாம்பிள் 200, அதுல 30 பேர், அதாவது 0.15. டெஸ்ட்டுக்கு ஸ்டாண்டர்ட் எரர்ல (சாம்பிளுக்கு சாம்பிள் விகிதம் எவ்ளோ ஏறி எறங்கும்ங்கிற அளவு) 0.10 போடணும்கிறாங்க, ஆனா கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்னா (நெஜ விகிதம் எதுலேந்து எதுக்குள்ள இருக்கலாம்ங்கிற கணிப்பு) 0.15 போடறாங்க. ஏன் இந்த ஓரவஞ்சன?

பதில்: இந்த ஒரு கேள்வி புரிஞ்சா மீதி எல்லாமே புரிஞ்ச மாதிரிதான். டெஸ்ட்ல நாம கேக்கறது என்ன, "சரிப்பா, நீ சொல்றபடி 0.10தான் நெஜம்னு வச்சுக்கறேன், அப்படின்னா 200 பேர எடுக்கும்போது 0.15 வர்றது எவ்ளோ அபூர்வம்?" 0.10 நெஜமா இருக்கற உலகத்துக்குள்ள போயாச்சுன்னா அங்க ஏத்த எறக்கத்தையும் 0.10 வச்சுதான் அளக்கணும், பாதில வெளிய ஓடி வந்து 0.15ஐ எடுத்துட்டுப் போகக் கூடாது. கணக்கு போட்டுப் பாருங்க: 0.10 பெருக்கல் 0.90, வகுத்தல் 200, ரூட் எடுத்தா 0.0212. வித்தியாசம் 0.05ஐ அதால வகுத்தா இசட் 2.36, டூ டெயில் (கூடுனாலும் கொறஞ்சாலும் ரெண்டு பக்கமும் எண்ணறது) பி-வேல்யூ, அதாவது நல் உண்மைன்னா இவ்ளோ தூரமோ அதுக்கு மேலயோ வெலகிப் போக இருக்கற சான்ஸ், 0.018. தப்பா 0.15 போட்டா எரர் 0.0252 ஆகி இசட் 1.98, பி-வேல்யூ 0.048. 2 பர்சன்ட் பக்கத்துல இருந்தது 5 பர்சன்ட் வாசலுக்கே (வழக்கமா அதுக்குக் கீழ இருந்தாதான் நல் ரிஜெக்ட்) வந்துருச்சு! இன்டர்வல்ல நல்னு ஒண்ணு கெடையவே கெடையாது, கைல இருக்கறது சாம்பிள் மட்டும்தான், அதனால அங்க 0.15. ஓரவஞ்சன எல்லாம் இல்ல.

கேள்வி: பி-வேல்யூ 0.03ன்னா நல் உண்மையா இருக்க 3 பர்சன்ட் சான்ஸ், கரெக்ட்டா சார்?

பதில்: இல்ல. சார் வேணாம், அண்ணாவே போதும். நல் உண்மைன்னு வச்சுக்கிட்டுதான் அந்த 0.03ஏ வந்துச்சு, அப்புறம் அதே நம்பர வச்சு அது உண்மையான்னு எப்படி சொல்றது? மழை பேஞ்சா தெரு நனைய எவ்ளோ சான்ஸ்ங்கிறதும் தெரு நனைஞ்சிருந்தா மழை பேஞ்சிருக்க எவ்ளோ சான்ஸ்ங்கிறதும் ஒண்ணா? தண்ணி லாரி கூட போயிருக்கலாமே.

கேள்வி: 100 தடவ நாணயம் சுண்டுனதுல 59 தலை. தலைதான் அதிகமா விழுதுன்னு தெரிஞ்சதால ஒன் டெயில் (ஒரு பக்கம் மட்டும் எண்ணறது) போட்டேன், நல் 0.50 ரிஜெக்ட் ஆச்சு. மேம் மார்க் கொறச்சுட்டாங்க, நியாயமா?

பதில்: மேம் பக்கம்தான் நானும், மன்னிச்சுக்கோங்க. இசட் 1.8, ஒன் டெயில்னா 0.036, டூ டெயில்னா 0.072. சுண்டறதுக்கு முன்னாடியே "தலை அதிகமா விழும்"னு சந்தேகப்பட்டு எழுதி வச்சிருந்தா ஒன் டெயில் சரி. 59 தலைய பாத்துட்டு அந்தப் பக்கம் சாஞ்சா, ஒருவேள 59 பூ விழுந்திருந்தா அந்தப் பக்கம் சாஞ்சிருப்பீங்க இல்ல? அப்ப ரெண்டு வால்லயும் கால் வச்சிருக்கீங்கன்னுதான் அர்த்தம், 5 பர்சன்ட் தப்பு விடலாம்னு சொல்லிட்டு 10 பர்சன்ட் தப்பு விடறீங்க.

கேள்வி: நல் விகிதத்த சாம்பிள் சைஸால பெருக்குனா கொறஞ்சது 10 வரணும்னு ஒரு கண்டிஷன் சொல்றாங்களே, அத செக் பண்ணலன்னா என்ன ஆயிடும்?

பதில்: ("நடக்காது"ங்கிற பக்கத்துக்கும் பெருக்கிப் பாக்கணும், அதுவும் 10 வரணும்.) என்ன ஆகும்னு நேராவே பாப்போம். 12 தடவ சுண்டுனதுல 10 தலை, தலை அதிகமா விழுதாங்கிறதுதான் கேள்வி. 12ல பாதி 6, கண்டிஷன் ஃபெயில். பிடிவாதமா இசட் போட்டா 2.31, பி-வேல்யூ 0.0105. இப்ப இசட்ட தூக்கிப் போட்டுட்டு விரல் விட்டு எண்ணலாம்: 10 தலை வர 66 வழி, 11க்கு 12 வழி, 12க்கு ஒரே வழி, மொத்தம் 79, இத 12 சுண்டலுக்கு இருக்கற எல்லா வழியும் சேந்த 4096ஆல வகுத்தா 0.0193. இசட் கிட்டத்தட்ட பாதிதான் காட்டிருக்கு. சின்ன சாம்பிள்னா இப்படி பைனாமியல்லயே (வழிகள எண்ணற இந்த முறைதான்) எண்ணிடுங்க, கஷ்டமும் இல்ல.

கேள்வி: ரிஜெக்ட் பண்ற எல்லை ஏன் 0.05? யார் வச்சது?

பதில்: ஃபிஷர்னு ஒரு புள்ளியியல் ஆள். 1925ல 20ல ஒண்ணுங்கிறத வசதியான ஒரு எல்லைன்னு எழுதுனார், அவ்ளோதான். 0.049ஐ கொண்டாடி 0.051க்கு அழறது அவர் தப்பில்ல.

கேள்வி: ரிஜெக்ட் ஆகலன்னா "நல் ஹைபோதிசிஸ ஏத்துக்கறோம்"னு எழுதுனா ஏன் தப்புன்னு அடிக்கிறாங்க? ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: ஜான் கெரிச்னு ஒரு கணித ஆள், ரெண்டாம் உலகப் போர்ல டென்மார்க்ல மாட்டிக்கிட்டு முகாம்ல அடைபட்டுக் கெடந்தப்ப உக்காந்து ஒரு நாணயத்த 10,000 தடவ சுண்டுனார் (நமக்கு 100 தடவைக்கே கை வலிக்குது). தலை 5,067. நல் 0.50ன்னா ஸ்டாண்டர்ட் எரர் 0.005, இசட் 1.34, பி-வேல்யூ 0.18, ரிஜெக்ட் ஆகாது. சரி, 0.50ஐ ஏத்துக்கிட்டோம்னே வைங்க. இப்ப இன்னொருத்தர் வந்து "என் நல் 0.51"ங்கறார். இசட் மைனஸ் 0.66, அதுவும் ரிஜெக்ட் ஆகல! சொல்லப்போனா 0.50ஐ விட இதுதான் சாம்பிளுக்குக் கிட்ட இருக்கு. ரெண்டையும் ஏத்துப்பீங்களா? அதனாலதான் "ரிஜெக்ட் பண்ண போதுமான ஆதாரம் இல்ல"ன்னு சுத்தி வளச்சு எழுத சொல்றாங்க, படிக்க மொக்கையா இருந்தாலும்.

கேள்வி: அப்ப சாம்பிள பெருசாக்கிட்டே போனா கடைசில உண்மை தெரிஞ்சிடும் இல்லையா?

பதில்: தெரியும், ஆனா அது உங்களுக்குத் தேவையான்னு வேற யோசிக்கணும். வெல்டன்னு ஒருத்தர், 12 தாயக்கட்டைய, ஆறு பக்கம் இருக்கற டைஸ்தான், 26,306 தடவ உருட்டி 5, 6 எத்தன விழுதுன்னு எண்ணுனார். மொத்தம் 3,15,672ல 1,06,602, அதாவது 0.3377. சரியான டைஸ்னா 0.3333 வரணும். இசட் 5.2, பி-வேல்யூ கோடில ரெண்டு, நல் தவிடுபொடி. புள்ளிக்காக குழி தோண்டுனதுல அதிக புள்ளி இருக்கற பக்கம் லேசாகி மேல வருதுன்னு காரணம் சொல்வாங்க. ஆனா வித்தியாசம் எவ்ளோ? ஆயிரம் உருட்டுக்கு நாலு. அந்த டைஸ வச்சு நீங்க ராத்திரி பூரா விளையாடுனாலும் கண்டுபிடிக்க மாட்டீங்க.