முதலில் அம்மாவின் சிவப்பு ஐசி, அப்புறம் ஐஃபல் கோபுரம்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், ஈப்போவில் தொழிற்சாலை வேலை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர். இப்போது 71 வயது. அவரையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் (14, 9 வயது) ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஐரோப்பாவுக்கு அழைத்துப்போக ஆசை. லண்டனில் தொடங்கி பத்து நாளில் ஆறு நாடு காட்டும் பேக்கேஜ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மலேசியர்களுக்கு விசா வேண்டாமாமே, டிக்கெட்டை இப்போதே போட்டுவிடலாமா? அம்மாவுக்கு மட்டும் சிவப்பு ஐசி (அடையாள அட்டை), இந்தியக் கடப்பிதழ்.

பதில்: கடைசி வரியில் சொன்னதை நீங்கள் முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பயணத்தின் முக்கால்வாசியை அதுதான் முடிவு செய்யப்போகிறது. டிக்கெட் போடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) சுற்றுலா விசா தேவையில்லை என்பது சரிதான். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை இருக்கலாம். ஆனால் சிவப்பு ஐசி நிரந்தரவாசிக்கு உரியது, குடியுரிமை அல்ல. ஐம்பது ஆண்டு இங்கே பால் வெட்டியிருந்தாலும், ஐரோப்பிய எல்லையில் அம்மா இந்தியப் பிரஜை. அவருக்கு ஷெங்கன் விசா கட்டாயம். (இந்தியக் கடப்பிதழும் இல்லாமல் வெறும் சிவப்பு ஐசியோடு இருக்கும் பெரியவர்கள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. அவர்கள் பயண ஆவணத்துக்கே முதலில் குடிநுழைவுத் துறையைப் பார்க்க வேண்டும். அது வேறு கதை.)

லண்டன் இன்னொரு சிக்கல். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. உங்கள் நால்வருக்கும் 2025 ஜனவரியிலிருந்து இ.டி.ஏ. என்ற இணைய அனுமதி வேண்டும். தலைக்கு 10 பவுண்டாக இருந்த கட்டணம் அதே ஆண்டு ஏப்ரலில் 16 ஆனது. விண்ணப்பிக்கும்போது அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கோ தனியாகப் பிரிட்டிஷ் விசா. அதாவது இரண்டு விண்ணப்பம், இரண்டு கைரேகை, இரண்டு கட்டணம், 71 வயதில் இரண்டு முறை கோலாலம்பூருக்கு அலைச்சல். பையன் கால்பந்துப் பைத்தியமாக இருந்தால் முகம் சுளிப்பான். ஆனாலும் இந்த முறை லண்டனை விட்டுவிடுங்கள். லண்டனில் விமானம் மாறும் டிக்கெட்டும் வேண்டாம்.

ஆறு நாட்டு பேக்கேஜையும் அப்படியே மடித்து வைத்துவிடுங்கள். அந்த மாதிரிப் பயணத்தில் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். காலை ஆறரைக்குப் பெட்டியை வெளியே வை, பஸ்ஸில் ஏறு, தூங்கு, இறங்கு, படம் எடு, ஏறு. நெடுஞ்சாலைக் கழிப்பறைகள்தான் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கின்றன. மூட்டு வலி உள்ள அம்மாவுக்கு அது தண்டனை.

என் யோசனை இதுதான்: பாரிசில் ஐந்து இரவு, சுவிட்சர்லாந்தின் லூசர்னில் நான்கு இரவு. இரண்டும் ஷெங்கன், ஒரே விசா போதும். அதிக இரவு எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். இங்கே பிரான்ஸ் என்று தெளிவாகிவிடுகிறது. போகும்போது பாரிசில் இறங்கி, வரும்போது சூரிச்சில் ஏறும்படி டிக்கெட் எடுங்கள். வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சம்.

டிசம்பரும் வேண்டாம். அப்போது பாரிசில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும், குளிர் வேறு. மே கடைசியில் தொடங்கும் ஆண்டு நடு விடுமுறையில் போனால் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். விசா வேலைக்கும் அவகாசம் கிடைக்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சந்தேகம் எழுந்தால் 45 நாள் வரை இழுக்கும். தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு ஆரம்பியுங்கள்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கைரேகை கொடுக்க அம்மா நேரில் வர வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். வாங்கும்போது வயது வரம்பைப் படியுங்கள், 70 தாண்டியவர்களுக்குப் பல பாலிசிகளில் கணக்கு மாறும். உங்கள் நால்வருக்குச் சட்டப்படி தேவையில்லை, ஆனாலும் எடுங்கள். சுவிஸ் ஆஸ்பத்திரி பில்லை நீங்கள் பார்க்க வேண்டாம்.

இப்போது மேசையில் மூன்று காகிதங்களை வரிசையாக வையுங்கள்: அம்மாவின் கடப்பிதழ், அவருடைய சிவப்பு ஐசி, உங்கள் பிறப்புப் பத்திரம். மூன்றிலும் அம்மாவின் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தோட்டத்தில் பிறப்புப் பதிவு செய்தபோது கிராணி (தோட்ட எழுத்தர்) காதில் விழுந்ததுதான் எழுத்தானது. ஒரு குடும்பத்துக்கு நான் பார்த்துக் கொடுத்தபோது, பாட்டியின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் கடைசியில் ‘எச்’, ஒன்றில் நடுவில் ‘ஒய்’, இன்னொன்றில் தகப்பன் பெயரே பாதி. மகன்தான் செலவு ஏற்கிறார் என்று எழுதிவிட்டு, அவர் மகன் என்பதற்கான காகிதம் வேறொரு பெயரைக் காட்டினால் அதிகாரி என்ன நினைப்பார்? சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் ‘இவர்கள் எல்லாம் ஒருவரே’ என்று எழுதி, கையெழுத்து வாங்கி, விண்ணப்பத்தோடு இணைத்தோம். அதற்கான செலவு சொற்பம்தான்.

கடப்பிதழ் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனைவிட்டு வெளியேறும் நாளுக்கு அப்பால் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். நான் ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன். அம்மா அண்மையில் கடப்பிதழைப் புதுப்பித்திருந்தால், மலேசிய நிரந்தரவாச அனுமதி பழைய புத்தகத்திலேயே நின்றுவிட்டதா என்று குடிநுழைவு அலுவலகத்தில் கேட்டு வாருங்கள். போவதைப் போலவே திரும்பி நுழைவதும் முக்கியம்.

உங்கள் பங்குக்கு, பெயருக்கு நடுவில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ (மகன், மகள்) என்று வரும் சாய்கோடு பல முன்பதிவுப் படிவங்களில் ஏறாது. விமான நிறுவனம் சொல்லும் முறையிலேயே ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள். வரிப் பாக்கியோ கடன் வழக்கோ இருந்தால் பயணத்தடை உண்டா என்பதைக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் ஐசி எண்ணைத் தட்டி இலவசமாகப் பார்க்கலாம்.

2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி, ஷெங்கன் எல்லையில் முகப்படமும் கைரேகையும் எடுத்துப் பதிவார்கள்; 12 வயதுக்குக் கீழே கைரேகை இல்லை. எட்டியாஸ் என்ற முன் அனுமதி 2026 கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. கட்டணம் 20 யூரோ, 18 வயதுக்குக் கீழே இலவசம். விசா எடுக்கும் அம்மாவுக்கு அது வேண்டாம். அது நடப்புக்கு வருமுன்னே யாராவது ‘எடுத்துத் தருகிறேன்’ என்று காசு கேட்டால் ஓடிவிடுங்கள்.

பாரிசிலிருந்து பாசெலுக்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம் சொச்சம், அங்கிருந்து லூசர்ன் இன்னும் ஒரு மணி. பெரியவர்களுக்கு ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ எடுத்தால் உங்கள் இரு பிள்ளைகளுக்கும் குடும்ப அட்டை இலவசம். எல்லோரும் யுங்ஃபிராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள். அது 3,454 மீட்டர். நம் கேமரன் மலைப் பட்டணங்கள் சுமார் 1,500 மீட்டர்தான். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். அதற்குப் பதில் ரிகி மலை: 1,798 மீட்டர், ஏரியில் படகில் போய் விட்ஸ்னாவில் இறங்கி, 1871 முதல் ஓடும் பல்சக்கர ரயிலில் உச்சிக்கே போகலாம். படகும் ரயிலும் அந்தப் பாஸிலேயே அடங்கும்.

கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ‘ரிங்கிட்டா, யூரோவா’ என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள் (சுவிஸில் பிராங்க்). ரிங்கிட் என்றால் கடைக்கார இயந்திரம் தன் இஷ்டத்துக்கு மாற்று விகிதம் போடும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வாங்குங்கள். மருந்துகள் கைப்பையில், டாக்டர் கடிதத்தோடு.

சாப்பாடு: பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. பால்கோவா, நெய் பாட்டில், கோழிக் கறி சம்பல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வேடிக்கை என்னவென்றால், சான்றிதழ் இல்லாமலே அனுமதிக்கப்படும் ஐந்து பழங்களில் டுரியானும் ஒன்று. விமானத்தில் ஏற்றத்தான் ஆள் கிடையாது. கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் வேண்டும், ஆகவே அம்மா பையில் செருகியிருக்கிறாரா என்று ஒரு தடவை பாருங்கள். பாரிசின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், நடக்கும் தூரத்தில், லா ஷாப்பேல் இருக்கிறது. இலங்கைத் தமிழர்களின் கடைத்தெரு. மூன்றாம் நாள் ரொட்டி சலித்ததும் அம்மாவை அங்கே கூட்டிப்போங்கள். தோசை கிடைக்கும், கறிவேப்பிலையும் கட்டுக்கட்டாக இருக்கும்.