கேன்சர் ஆராய்ச்சிக்கு எம்பிபிஎஸ் ஒன்றுதான் வழியா?

அன்புள்ள அம்மா,

அப்பத்தாவின் கணையப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து முதலில் கட்டியைச் சுருக்கியது. சில மாதங்களில் அதே மருந்து பலிக்காமல் போய்விட்டது. ஏன் என்று கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள் உங்கள் மகள். நீட் மதிப்பெண்ணோ அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போதாது. "அந்த ஆசையை விட்டுவிடச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து விடச் சொல்லாதீர்கள். நோயாளிக்கு மருந்து எழுத எம்பிபிஎஸ் வேண்டும். அந்த மருந்து ஏன் தோற்றது என்று ஆராய அது கட்டாயமில்லை. அவள் கேட்கும் கேள்விக்கு விடை தேடுவோரில் உயிரியலாளர்களும் இயற்பியலாளர்களும் பொறியாளர்களும் நிறையவே இருக்கிறார்கள்.

ராகேஷ் ஜெயின் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். ஐஐடி கான்பூரில் 1972-ல் கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவர். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1976-ல் அதே துறையில் பிஎச்.டி. பெற்றார். குழாய், அழுத்தம், திரவ ஓட்டம் என்று படித்த அவர், புற்றுநோய்க் கட்டியைப் பார்த்துக் கேட்டது ஒரு பொறியாளரின் கேள்வி: ரத்தத்தில் ஏற்றிய மருந்து கட்டிக்குள் போய்ச் சேருகிறதா? பெரும்பாலும் சரியாகச் சேருவதில்லை. கட்டிக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் கோணல்மாணலாக வளர்ந்தவை, ஓட்டை உள்ளவை. அவற்றிலிருந்து கசியும் திரவம் உள்ளே அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. அதனால் மருந்து உள்ளே சீராகப் பரவ முடிவதில்லை. ஆக்சிஜனும் குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்களைக் கதிர்வீச்சால் கொல்லச் சுமார் மூன்று மடங்கு அளவு தேவைப்படும்.

கட்டிக்கு ரத்தம் தரும் குழாய்களைத் தடுத்தால் அது பட்டினி கிடந்து சாகும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-ல் முன்வைத்த கருத்தின் வழியில்தான் மருந்துகள் உருவாகிக்கொண்டிருந்தன. ஜெயின் 2001-ல் வேறு விதமாகச் சொன்னார். அதே மருந்துகளை அளவறிந்து கொடுத்தால் கோணல் குழாய்கள் சீராகும், அப்போது கீமோ மருந்து உள்ளே போகும் என்றார். 2004-ல் மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு அந்த வகையைச் சேர்ந்த பெவாசிஸுமாப் என்ற மருந்தை ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்தபோது கட்டிக்குள் இருந்த அழுத்தம் குறைந்தது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் பேராசிரியரான அவர் 2016-ல் அதிபர் ஒபாமாவின் கையால் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார்.

இந்தத் துறைக்குக் கட்டியின் நுண்சூழல் ஆய்வு என்று பெயர். கட்டி என்பது புற்றுநோய் செல்கள் மட்டும் குவிந்த உருண்டை அல்ல. நார்த்திசுவை உண்டாக்கும் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், ரத்தக் குழாய்கள், கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஆகியவையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-லேயே, மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளைப் பார்த்து, புற்றுநோய் செல் என்ற விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று எழுதினார். அதன் பிறகும் நெடுங்காலம் ஆய்வாளர்களின் கவனம் விதையின் மீதே இருந்தது. மருந்து தோற்றால் புற்றுநோய் செல்லின் மரபணு மாறிவிட்டது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில், பக்கத்தில் இருக்கும் சாதாரண செல்கள் சுரக்கும் ஹெச்ஜிஎஃப் என்ற புரதம் புற்றுநோய் செல்லை மருந்திலிருந்து காப்பாற்றுகிறது என்று 2012-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின.

உங்கள் வீட்டைத் தொட்ட கணையப் புற்றுநோயில் இது இன்னும் கடுமை. கட்டியின் பெரும்பகுதி நார்த்திசுதான். ரத்தக் கொதிப்புக்கு நம் வீடுகளில் சாப்பிடும் லோசார்டான் மாத்திரை எலிகளில் அந்த நார்த்திசுவைத் தளர்த்துவதை ஜெயினின் குழு கண்டது. பிறகு 49 நோயாளிகளுக்குக் கீமோவுடன் சேர்த்துக் கொடுத்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய சோதனை அது. நம்பிக்கை தந்தது, அவ்வளவே. அதை வைத்து யாரும் தாமாக மாத்திரை சாப்பிட்டுவிடக் கூடாது.

இதே நார்த்திசுவின் இன்னொரு கதையை உங்கள் மகளிடம் அவசியம் சொல்லுங்கள். 2009-ல் வேறொரு மருந்து எலிகளில் நார்த்திசுவைக் குறைத்து, கீமோ மருந்தை உள்ளே அனுப்பி, ஆயுளை நீட்டியது. அதே வகை மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்த சோதனையில் நோயாளிகளின் நிலை மோசமானதால் 2012-ல் நிறுத்தினார்கள். 2014-ல் இரண்டு ஆய்வகங்கள் காரணத்தைத் தேடியபோது, நார்த்திசுவை அடியோடு நீக்கினால் கட்டி மேலும் மூர்க்கமாகிறது என்று தெரிந்தது. நார்த்திசு மருந்தைத் தடுக்கிறது, கட்டியையும் ஓரளவு கட்டிப்போட்டிருக்கிறது. பல ஆண்டு உழைப்பு இப்படித் தலைகீழாகும்போது "சரி, ஏன்?" என்று மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்கான வேலை இது. நீட் மதிப்பெண்ணைவிட இந்த மனம் அவளுக்கு உண்டா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அப்பத்தா போன பிறகும் அந்தக் கேள்வியை அவள் விடவில்லை என்பதே எனக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது.

இனி படிப்பு. அவள் பயோ-மேத்ஸ் குரூப்பா, கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப்பா என்று நீங்கள் எழுதவில்லை. கணிதம் இருந்தால் என் முதல் தேர்வு ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள். திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட ஏழு ஊர்களில் இருக்கின்றன. ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பு, ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் சம எண்ணிக்கையில் கேள்விகள் வரும். நீட்டுக்குப் படித்த பிள்ளைக்கு மூன்று பாடங்கள் ஏற்கெனவே தயார். பொறியியல் கலந்தாய்வில் கெமிக்கல் இன்ஜினீயரிங்கோ பயோடெக்னாலஜியோ எடுப்பதும் நல்ல வழிதான். ஜெயின் வந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான்.

கணிதம் இல்லாவிட்டாலும் கதவு மூடிவிடாது. அரசுக் கல்லூரியில் விலங்கியலோ உயிர்வேதியியலோ மூன்றாண்டு படித்துவிட்டு, ஜாம் அல்லது கேட்-பி என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி நல்ல நிறுவனத்தில் எம்.எஸ்சி. சேரலாம். அந்த மூன்றாண்டில் புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் அவள் கற்றாக வேண்டும். இன்று ஒரு கட்டியின் ஆயிரக்கணக்கான செல்களைத் தனித்தனியாக அளந்து பார்க்கிறார்கள், கணினி தெரியாதவரால் அந்தத் தரவைத் தொடவே முடியாது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. "கேன்சர்", "ஆன்காலஜி" என்ற பெயர் தாங்கிய இளநிலைப் படிப்புகளுக்குப் பெரிய கட்டணம் கேட்பார்கள். அவற்றில் பல மருத்துவமனைத் தொழில்நுட்பப் பணிக்கானவை. அது மரியாதையான வேலை, ஆனால் அவள் கேட்கும் வேலை அல்ல. ஆராய்ச்சிக்கு வருபவளுக்கு அடிப்படை அறிவியல் பட்டமே பலம்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எம்.எஸ்சி.க்குப் பிறகு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படியும் உண்டு. பிஎச்.டி.க்கு நீங்கள் செலவழிக்க வேண்டியிருக்காது. நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வு மையம், பெங்களூரு ஐஐஎஸ்சி, திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், சென்னை ஐஐடி ஆகிய இடங்களில் புற்றுநோய் ஆய்வு நடக்கிறது. பிஎச்.டி. வேண்டாம் என்று எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்களில் வேலை உண்டு. மேலே சொன்ன பெவாசிஸுமாப்பின் உயிரொப்பு மருந்தை (மூல மருந்தை ஒத்ததாக இன்னொரு நிறுவனம் தயாரிப்பது) பெங்களூரு பயோகான் 2017-லேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது.

பிஎச்.டி. முடிக்க இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதாகும், கல்யாணம் தள்ளிப்போகுமே என்ற உங்கள் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. காலம் நீளம்தான், அதற்குப் பிறகும் நிரந்தரப் பணிக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். ஆனால் இருபத்து மூன்று, இருபத்து நான்கில் அவள் உதவித்தொகை வாங்கத் தொடங்கிவிடுவாள். திருமணமாகி ஆய்வைத் தொடரும் பெண்கள் எல்லா ஆய்வகங்களிலும் இருக்கிறார்கள். அதற்காகப் படிப்பின் திசையை இப்போதே மாற்றாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் பிசி அல்லது எம்பிசி பிரிவு என்றால், மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மட்டும் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ், மத்திய அரசின் படிவத்தில், நடப்பு நிதியாண்டு தேதியோடு வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் இந்த ஒரு தாளுக்காகக் கடைசி நேரத்தில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.