இஆர்பியிலிருந்து நிலைத்தன்மைக்கு: பதவி இறங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: கோலாலம்பூரில் உள்ள ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். பாதி வாரம் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே வேலை. தோட்ட நிறுவனங்களுக்கும் செம்பனை ஆலைகளுக்கும் இஆர்பி மென்பொருள் (கணக்கு, கொள்முதல், கையிருப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைப்பது) அமைத்துத் தரும் குழுவில் மேனேஜர். வேலை சலித்துவிட்டது. சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் கெடுக்காமல் தொழில் நடத்த நிறுவனங்களுக்கு வழிசொல்லும் நிலைத்தன்மை (சஸ்டைனபிலிட்டி) ஆலோசனைக் குழுவுக்கு மாற ஆசை. ஆனால் கீழ்ப்பதவியில்தான் தொடங்க வேண்டும் என்கிறார்கள். பகுதிநேர முதுகலை படித்துவிட்டு மாறலாமா? தோட்டத்தில் எடைமேடைக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற அப்பா, "நல்லா போற வேலைய ஏன்பா கெடுத்துக்கிற?" என்கிறார்.

பதில்: தம்பி, முதுகலையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கன்சல்டிங்கில் ஆளைப் பொறுக்கி ப்ராஜெக்ட்டில் போடுபவர், நிறுவனத்தின் பங்குதாரரான பார்ட்னர். வாடிக்கையாளர் முன்னால் உங்களை உட்கார வைத்தால் காரியம் நடக்குமா என்பதுதான் அவர் கணக்கு. சான்றிதழெல்லாம் அப்புறம்தான்.

தோட்டத்தை விட்டு வங்கிப் பக்கம் போய், வேலையையும் மாற்றிக்கொண்டால் அடியிலிருந்து தொடங்கத்தான் வேண்டும். உங்களுக்கு வாடிக்கையாளர்கள் அதே ஆட்கள், வேலை மட்டும்தான் மாறுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த செம்பனையோ ரப்பரோ அங்கே போகக் கூடாது என்கிறது. எந்த நிலத்தில் விளைந்தது என்று இடக்குறியோடு காட்ட வேண்டும். 4 ஹெக்டருக்கு மேல் போனால் எல்லையையே வரைந்து தர வேண்டும். பெரிய தோட்டங்கள் சமாளித்துவிடும். சிக்கல் சிறுதோட்டக்காரர்களின் குலையில்தான். நாலைந்து பேரின் குலையை வியாபாரி ஒரே லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்பினால், எது யாருடையது? எடைச்சீட்டில் வியாபாரி பெயர் மட்டும் இருந்தால் நிலத்தை எங்கே போய்த் தேடுவது? அந்தச் சீட்டு மென்பொருளுக்குள் எப்படி நுழைகிறது, எந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் குழுவில் ஏற்கெனவே இருப்பார்கள். இது தெரிந்த ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். ஒரு சாயங்காலம் அப்பாவிடமும் கேளுங்கள், லாரி வந்து நின்றால் எடைமேடையில் என்னென்ன நடக்கும் என்று. (உங்கள் புது வேலை என்னவென்று அவருக்கும் அப்போது புரியும்.)

ஒரு எச்சரிக்கை. சட்டத்தை மட்டும் நம்பி நிபுணராகாதீர்கள். 2015 ஏப்ரலில் மலேசியாவில் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தபோது அதற்கென்றே எத்தனை பேர் மாறினார்கள்! 2018 ஜூனில் வரி பூஜ்யமானது, செப்டம்பரில் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்துவிட்டது. நான் பார்த்த வரையில், சட்டப் பிரிவுகளை மட்டும் கரைத்துக் குடித்தவர்கள் தடுமாறினார்கள். கடையின் பில்லும் கணக்கும் எப்படி ஓடுகின்றன என்று கற்றவர்களுக்கு 2024 ஆகஸ்டில் மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) வந்தபோது வேலை காத்திருந்தது. ஐரோப்பியச் சட்டத்தின் தொடக்கத் தேதியும் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போனதுதான்.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் உங்கள் இப்போதைய பார்ட்னரிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் அடுத்த குழுவிடம் பேசினால் மதியச் சாப்பாட்டுக்குள் அவர் காதுக்குப் போய்விடும். உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் நிலைத்தன்மை அறிக்கையைப் படியுங்கள். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனமென்றால் இணையத்திலேயே கிடைக்கும். அதிலுள்ள எண்களில் உங்கள் மென்பொருளிலிருந்து நேராக வரக்கூடியவை எவை, கையால் திரட்ட வேண்டியவை எவை என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு அந்தக் குழுவின் பார்ட்னரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பாதி நேரம் இங்கே, பாதி அங்கே என்று கேளுங்கள். ஆண்டு முடிவில் உங்களை மதிப்பிடப்போவது யார் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டு குழுவுக்கும் உழைத்துவிட்டு, இரண்டிலும் "இவர் எங்கள் ஆள் இல்லை" என்று கேட்பது கொடுமை.

பதவிப் பெயரை ஓராண்டுக்கு இறக்குகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். சம்பளத்தையும் இறக்குகிறோம் என்றால் வேண்டாம். ஏழாண்டுத் தோட்ட அனுபவத்தை அவர்கள் இலவசமாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம்; அப்படிப்பட்ட குழுவை விட்டு வேறு நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள்.