சத்தம் குறைக்கும் குழாயும் சட்டத்தில் துப்பாக்கிதான்

கேள்வி: இலங்கை மலைநாட்டில் ராகலைப் பக்கம் காட்டோரத்தில் லீக்ஸும் கரட்டும் போடுகிறேன். பன்றித் தொல்லைக்காக 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று என் பெயரில் அனுமதிப்பத்திரத்தோடு இருக்கிறது. இரவில் வெடிச்சத்தம் கேட்டு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கைக்குழந்தைகள் பதறி அழுவதாகச் சொன்னார்கள். அதனால் தம்பியின் லேத்தில் குழலின் வாயில் திரெட் வெட்டி, சத்தம் குறைய ஒரு குழாயை வீட்டிலேயே பொருத்தினேன். என்னோடு வேலித் தகராறில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பொலிஸில் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை துப்பாக்கியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆயுள் தண்டனை என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். நடந்ததை விளக்கித் தோட்டத் துரைக்கும் (முகாமையாளர்) கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்; பிரதி இத்துடன் இருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். அந்தக் கடிதம் உங்கள் வீட்டைத் தாண்டக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் எந்த வன்மத்தில் சொன்னார், வேலியை யார் நகர்த்தினார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் நீதவான் முன்னால் அதற்கு எடை கிடையாது. அங்கே நிற்கப்போவது ஒரே கேள்விதான்: அந்தக் குழாய் எதற்காகச் செய்யப்பட்டது?

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தில் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்கு உள்ள வரைவிலக்கணத்தைப் பலர் கடைசிவரை வாசிப்பதில்லை. சுடுகிற ஆயுதத்தோடு அது நிற்கவில்லை. ஆயுதத்தின் பாகமும் துப்பாக்கி. சுடும்போது எழும் சத்தத்தையோ சுடரையோ குறைப்பதற்காகச் செய்த, அல்லது அதற்கேற்ப மாற்றியமைத்த துணைக்கருவியும் துப்பாக்கி. ஆகவே மேசையில் தனியாகக் கிடந்தாலும் உங்கள் குழாய் சட்டத்தின் கண்ணில் இன்னொரு துப்பாக்கி. உங்கள் அனுமதிப்பத்திரம் அப்பன்காலத்து 12 போருக்கு உரியது, குழாய்க்கு அல்ல.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். "குழந்தைகளுக்காகச் சத்தம் குறையத்தான் போட்டேன்." நீங்கள் இரக்கத்தோடு எழுதியது உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் அரச தரப்பு நிரூபிக்க வேண்டிய நோக்கத்தை அந்த ஒரு வரி நிரூபித்துக் கொடுத்துவிடுகிறது. பொலிஸாரிடம் சொல்லும் குற்ற ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த விடாது. துரைக்கு எழுதிய கடிதத்துக்கும், வாட்ஸ்அப்பில் மச்சானுக்கு அனுப்பிய படத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பொலிஸ் நிலையத்திலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. "குழாய் அட்டாலையில் இருக்கிறது" என்று நீங்கள் சொல்லி அவர்கள் போய் எடுத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு சேர்ந்த வார்த்தைகளை அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் சாட்சியமாக வைக்கலாம்.

ஆயுள் தண்டனைப் பயத்தை விடுங்கள். 1996ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் கொண்டுவந்தது அனுமதியில்லாத தானியங்கித் துப்பாக்கிக்கும் ரிப்பீட்டர் ஷாட்கனுக்கும் (ஒவ்வொரு வெடிக்கும் தோட்டா போடாமல் அடுத்தடுத்துச் சுடக்கூடியது). உங்களுடையது அந்த வகை அல்ல. ஆனாலும் விஷயம் சின்னதில்லை. மலைநாட்டில் சத்தம் குறைக்கும் குழாய் என்றதும் அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது மரை வேட்டை, கரட் பாத்தி அல்ல.

நான் அதிகம் பயப்படுவது இந்த வார இறுதியைத்தான். முன்பு என்னிடம் வந்த ஒருவர், பொலிஸுக்குப் போவதற்கு முதல் நாள் இரவு குழல் வாயை ஹெக்சோவால் அறுத்துவிட்டு, குழாயை ஓடையில் போட்டுவிட்டு வந்தார். அறுத்த இடம் பளபளவென்று புதிதாக இருந்தது. தண்டனைச் சட்டக்கோவையின் 198ஆம் பிரிவு, சாட்சியத்தை மறைத்த குற்றம், அவரே போய்த் தேடிக்கொண்டது. முதல் குற்றச்சாட்டோடு போயிருந்தால் எவ்வளவோ லேசாக முடிந்திருக்கும். நீங்கள் அறுக்க வேண்டாம், எறிய வேண்டாம், திரெட்டை அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம், போனிலிருக்கும் படத்தை அழிக்கவும் வேண்டாம். துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். திங்கட்கிழமைக்குள் ஒரு சட்டத்தரணியை நேரில் பார்த்து, குழாயைப் பற்றி முதலில் அவரிடம் மட்டும் பேசுங்கள். நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்குச் சட்டத்தரணி கொடுக்கும் எழுத்துமூல விண்ணப்பம்) போட்டு நீதிமன்றத்தில் முன்னிலையாவதா, அவரோடு நிலையத்துக்குப் போவதா என்பதை அவர் முடிவுசெய்யட்டும்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், விளங்கிய மாதிரித் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவது நம் ஆட்களின் பழைய பழக்கம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி, உங்களுக்கு விளங்கும் மொழியில் அதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிப் பிரச்சினையை முடித்துக்கொள்ளுங்கள். மத்தியஸ்த சபைக்குப் போங்கள், தேவையென்றால் ஒரு முழம் விட்டுக்கொடுங்கள். அதனால் துப்பாக்கி வழக்கு மறைந்துபோகாது. அவர் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினாலும் அது அரசின் வழக்கு. ஆனால் கூண்டில் ஏறி உங்கள் மேல் விஷம் கக்கும் ஒரு சாட்சி குறைவார்.

அப்புறம், குழாய் உண்மையிலேயே சத்தத்தைக் குறைக்கிறது என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்துவிட்டால், வருடக்கணக்காக வழக்கை இழுக்காதீர்கள். குற்றத்தை ஏற்றுக்கொண்டு தண்டனைக் குறைப்பு கேட்பதுதான் என் ஆலோசனை. குழந்தைகள் அழுத கதையும், பன்றி அழித்த பாத்திகளும் அங்கேதான் உங்களுக்கு உதவும். வருடாவருடம் புதுப்பித்த அனுமதிப்பத்திரங்களையும், பயிர்ச்சேதம் பற்றிக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்த முறைப்பாடுகள் இருந்தால் அவற்றின் பிரதிகளையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. லேத்தில் திரெட் வெட்டிய தம்பியும் இதில் மாட்டலாம். "அண்ணன் சொல்லித்தான் செய்தேன்" என்பது அவருக்கு நல்ல பதில், உங்களுக்குக் கெட்ட பதில். ஒரே சட்டத்தரணி இருவருக்கும் பேச முடியாது. அவருக்கு வேறொருவரை இன்றைக்கே பிடித்துக் கொடுங்கள்.